கட்டிய காசுக்குக் குமட்டல்: சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

சொகுசுக் கப்பலில் வாந்தி எடுக்காமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் சொல்வார், மாடிவீட்டு அத்தை சொல்வார், துபாயில் படகு சவாரி போய்வந்த மைத்துனர் கேட்காமலே சொல்வார். முறையாக, முழுமையாக, கட்டிய காசுக்குக் குறைவில்லாமல் வாந்தி எடுப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வழிகாட்டி.

தேவையும் வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து ஒரு சொகுசுக் கப்பலை அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூனில் அதே துறைமுகத்திலிருந்து இலங்கைக்கும் ஒரு கப்பல் கிளம்பியது. அதுவரை சிங்கப்பூருக்குப் பறந்துபோய் அங்கே கப்பலேறிய நம் குடும்பங்கள் பினாங்கு, லங்காவி என்று மலாக்கா நீரிணையின் அமைதியான தண்ணீரில் போய்வந்து, கடல் என்றால் இவ்வளவுதான் என்று முடிவுகட்டியிருந்தார்கள். வங்காள விரிகுடா அந்த முடிவை ஏற்றுக்கொள்வதில்லை.

படிகளுக்குள் போகும் முன் மூலமந்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எதற்கெல்லாம் கூடுதல் கட்டணம் கேட்கிறார்களோ, அதையெல்லாம் வாங்குங்கள். எதெல்லாம் இலவசமோ, அதையெல்லாம் தவிருங்கள். இதைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்களில் வெறும் வயிற்றோடு கரை சேராதவர்கள் குறைவு.

படி 1: அறையை உயரத்தில் பிடியுங்கள்

கப்பல் அறைகளின் விலைப்பட்டியல் கீழிருந்து மேலே ஏறும். ஜன்னலே இல்லாத உள்ளறைக்குக் குறைந்த விலை. ஜன்னல் வைத்தால் கொஞ்சம் கூடும், பால்கனி வைத்தால் இன்னும் கூடும். உச்சி மாடியில், சோபாவும் குளியல் தொட்டியுமாக இருக்கும் 'சூட்' அறையின் விலையை டிராவல்ஸ்காரர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

"சார், மேல் மாடி, முன்பக்கம், பால்கனியோட. கடல் அப்படியே உங்க காலடியில கெடக்கும்."

"ஆட்டம் இருக்குமா தம்பி?"

"என்ன சார், அவ்ளோ பெரிய கப்பல்! ஸ்டெபிலைசர் வேற இருக்கு. கிளாஸ்ல தண்ணி வெச்சா சிந்தாது சார்."

அங்கேயே முன்பணம் கட்டிவிடுங்கள். காரணம் எளிய இயந்திரவியல். அலையில் கப்பலின் அணியம் ஏறும்போது அமரம் இறங்கும். அமரம் ஏறும்போது அணியம் இறங்கும். கூடவே பக்கவாட்டிலும் சாயும். இந்த இரண்டு ஆட்டத்துக்கும் அச்சு ஏறக்குறைய கப்பலின் நடுவில், நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. பூங்காவில் சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்த பிள்ளை அசையாமல் இருக்க, நுனியில் இருப்பவன் வானத்துக்கும் மண்ணுக்குமாகப் போய்வருகிறான் அல்லவா? நீங்கள் காசு கொடுத்துப் பிடித்திருப்பது அந்த நுனி. கீழ்த்தளத்தில், நட்டநடுவில், குறைந்த விலையில் கிடைக்கும் அறையில் இருப்பவர் ராத்திரி முழுக்கக் குறட்டை விடுவார். அவரைப் பார்த்து இரக்கப்படுங்கள்; அவருக்கு 'வியூ' கிடையாது.

ஸ்டெபிலைசர் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், மச்சினனிடம் சொல்ல உதவும். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள் அவை. ஓடுகிற கப்பல் பக்கவாட்டில் சாய்வதைப் பெருமளவு குறைத்துவிடும். ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முன்பக்க அறையில் இருக்கும் உங்களுக்கு உரியது அந்த ஆட்டம்தான். ஆகவே கவலை வேண்டாம்.

கடலைக் காசால் வெல்ல உங்களுக்கு முன்பே ஒருவர் முயன்றிருக்கிறார். எஃகை மலிவாகத் தயாரிக்கும் முறையால் பெரும் செல்வம் சேர்த்த ஹென்றி பெஸ்ஸமர், 1868-ல் பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கப்பலில் வந்தார். குறுகிய கால்வாய்தான். ஆனாலும் மனிதர் படாதபாடு பட்டுவிட்டார். கப்பல் எப்படி ஆடினாலும் உள்ளே இருக்கும் கூடம் மட்டும் ஆடாமல் தொங்கிக்கொண்டே வந்தால் என்ன என்று யோசித்தார். கம்பெனி தொடங்கி, கப்பலே கட்டிவிட்டார். செதுக்கிய மரவேலைப்பாடும் தங்கப் பூச்சுமாக உள்ளே ஒரு கூடம். அதைச் சமநிலையில் வைத்திருக்க, ரசமட்டத்தைப் பார்த்தபடி நீர்விசை இயந்திரத்தை இயக்க ஓர் ஆள். 1875 மே 8 அன்று பயணிகளோடு கலே துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பல், சொன்னபடி திரும்பாமல் அங்கிருந்த இறங்குதுறையில் போய் மோதியது. கம்பெனியும் அதோடு மூழ்கியது. அந்தக் கூடத்தைப் பிறகு பெயர்த்தெடுத்து, கப்பலை வடிவமைத்தவரின் வீட்டில் பில்லியர்ட்ஸ் அறையாக வைத்தார்கள். அங்கே அது ஆடவே இல்லை.

படி 2: தள்ளுபடி மாதத்தில் கிளம்புங்கள்

வங்காள விரிகுடா சாதுவாகக் கிடப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். பள்ளிக்கூடத்தில் தேர்வு நடக்கும் காலம் என்பதால் அந்த மாதங்களில் நீங்கள் எங்கும் நகர முடியாது. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வாருங்கள். வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும் அதே மாதங்களில் கடல் பயணங்களுக்குத் தள்ளுபடியும் வரும். இரண்டுக்கும் உள்ள உறவை ஆராயாதீர்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று மேளதாளத்தோடு தொடங்கியது. வானிலை காரணமாக ஒரே வாரத்தில் நிறுத்திவைத்தார்கள். அது சின்னக் கப்பல், நம்முடையது மாளிகை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் எந்தக் காற்று அடிக்கும் என்று காசிமேட்டிலோ நாகையிலோ கேட்டால் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற அரசு நிறுவனம் அலையின் உயரத்தை நாள்தோறும் முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. எங்கோ தென்கடலில் அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி வருவதைக் குமரி மாவட்டத்தார் கள்ளக்கடல் என்பார்கள். அதற்கும் அந்த நிறுவனம் எச்சரிக்கை கொடுக்கிறது. மீனவர் பேச்சு, அரசுக் கணிப்பு இரண்டும் இலவசம். ஆகவே மூலமந்திரத்தின்படி இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: மாத்திரையைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துங்கள்

வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் போய்வந்த குடும்பம் எதுவும் அவோமின் தெரியாமல் இருக்காது. அந்த மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் தனிக் கவனம் தேவை.

மாத்திரை அட்டையைப் பெரிய பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே வையுங்கள். பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைவாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் கப்பல் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியிருக்கும். முதல் குமட்டல் வந்ததும் மாத்திரையைத் தேடுங்கள். குமட்டும்போது இரைப்பை தன்னிடம் உள்ளதைக் குடலுக்கு அனுப்பும் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். அப்போது விழுங்கிய மாத்திரை உள்ளேயே காத்திருந்து, அடுத்த அலைக்கு வந்தவழியே திரும்பிவிடும். ஒரு மாத்திரைக்கு இருமுறை பயணம்.

இந்த மருந்துக் குடும்பத்தின் வரலாறு சுவையானது. 1947-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தோல் தடிப்புக்காக ஒரு பெண் வந்தார். ஒவ்வாமைக்கென்று சோதனையில் இருந்த புது மருந்தை டாக்டர்கள் லெஸ்லி கேயும் பால் கார்லினரும் கொடுத்துப் பார்த்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அந்தப் பெண்ணுக்கு, மருந்து சாப்பிட்ட நாட்களில் டிராம் ஒன்றும் செய்யவில்லை. தடிப்பை மறந்துவிட்டு டாக்டர்கள் குமட்டலைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு படைக் கப்பலில், குளிர்கால அட்லாண்டிக்கில், சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. டிராமமைன் என்று அது கடைக்கு வந்தது. டிராமில் ஏறிய ஒருவரின் புண்ணியத்தில் கப்பலில் போகிறவர்கள் பிழைத்தார்கள்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டையும் உண்டு. கப்பலேறச் சில மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். வாய் வறளும், பார்வை மங்கலாம். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து உலகமே பனிமூட்டமாகிவிடும். கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் ப்ராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் எந்த மாத்திரையையும் அப்படித் தொடக் கூடாது. இந்த வழிகாட்டியில் நகைச்சுவை இல்லாத இடம் இது ஒன்றுதான்; படித்துவிட்டு நகருங்கள்.

படி 4: சாப்பாட்டில் காசைக் கழியுங்கள்

உணவு, டிக்கெட் விலையிலேயே அடக்கம். இந்த ஒரு வரி தமிழ்க் குடும்பங்களின் மேல் செலுத்தும் அதிகாரத்தைக் கப்பல்காரர்கள் முழுதாக அறிய மாட்டார்கள்.

"ஏங்க, போதும்னு எந்திரிக்கிறீங்க? தலைக்கு எவ்ளோ கட்டியிருக்கோம்!"

"வயிறு ஒரு மாதிரியா இருக்குடி."

"காலி வயிறா இருக்கும். அந்தப் பாஸ்தாவைக் கொஞ்சம் வெச்சுக்குங்க."

அம்மையார் சொன்னதில் பாதி உண்மை. காலி வயிறும் குமட்டலைக் கூட்டும். உலர்ந்த, உப்பு ருசியுள்ள, எண்ணெயில்லாத ஆகாரம் கொஞ்சம் உள்ளே இருப்பது நல்லது. ஒரு ரஸ்க், இரண்டு இட்லி, பொரிகடலை போதும். ஆனால் பொரிகடலை தின்னவா கப்பலேறினோம்? காலையில் நெய் மிதக்கும் பொங்கல், வடை. பதினோரு மணிக்கு கேக். மதியம் பிரியாணி, அதன்மேல் பனீர் பட்டர் மசாலா. நாலு மணிக்கு சமோசா. இரவு எதை விட்டோம் என்று பார்த்து அது. கொழுப்பு கூடக் கூட இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும். கடலுக்குக் கொடுக்க உங்களிடம் எப்போதும் கையிருப்பு இருக்கும்.

சார்லஸ் டார்வின் இந்தப் படியில் கோட்டைவிட்டவர். 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறியவர் ஏறக்குறைய ஐந்து ஆண்டு உலகைச் சுற்றினார். கடல் கொந்தளித்த போதெல்லாம் சுருண்டு படுத்தார். டாக்டரான அப்பா சொல்லியனுப்பியபடி உலர்ந்த திராட்சையைத்தான் அப்போது அவர் வயிறு ஏற்றுக்கொண்டது. கப்பல் கரை பிடித்த இடங்களிலெல்லாம் முடிந்தவரை நிலத்திலேயே நாட்களைக் கழித்தார். எலும்பும் பறவையும் பாறையுமாக அவர் அங்கே பொறுக்கிச் சேர்த்தவைதான் பின்னாளில் பரிணாமக் கொள்கைக்கு வித்தாயின. அவர் காலத்தில் 'பஃபே' இருந்திருந்தால் கரையில் இறங்க நேரமே கிடைத்திருக்காது.

மது தனிக் கட்டணம் என்பதால் மூலமந்திரத்தின்படி கட்டாயம். உள்காதில் தலையின் சுழற்சியை உணரும் ஒரு மெல்லிய சவ்வுத் தடுப்பு, தன்னைச் சூழ்ந்த திரவத்தில் சம எடையோடு நிற்கிறது. ரத்தத்திலிருந்து ஆல்கஹால் முதலில் அந்தத் தடுப்புக்குள் புகுந்து அதை இலேசாக்கிவிடும். திரவத்துக்குள் பிறகுதான் போகும். இடைப்பட்ட நேரத்தில் படுத்தாலும் அறை சுழலும். கப்பல் ஒரு பக்கம் ஆட, காதுக்குள் நீங்கள் இறக்கிவிட்ட இன்னொரு கப்பல் தன் போக்கில் ஆடும். மாத்திரையும் போட்டிருந்தால் இரண்டு கப்பலும் தூங்கி வழியும்.

படி 5: கடலை மட்டும் பார்த்துவிடாதீர்கள்

இதுதான் நுட்பமான படி. இங்கே சறுக்கி, தெரியாமல் குணமாகிவிட்டவர்கள் பலர்.

காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை மூளைக்குச் சொல்லும். பக்கத்தில் இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் சாய்ந்தாலும் இத்துகள்கள் நகர்ந்து தகவல் கொடுக்கும். கப்பல் அறைக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுவர் நகரவில்லை, மேசை நகரவில்லை. எதுவும் ஆடவில்லை என்கிறது கண். ஆடுகிறோம், ஏறுகிறோம், இறங்குகிறோம் என்கிறது காது. யார் சொல்வதை நம்புவது என்று தெரியாத மூளை, வயிற்றைக் கூப்பிட்டு எதற்கும் காலி செய்துவை என்கிறது. புலன்களின் இந்த முரண்பாடுதான் காரணம் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. நொடிக்கு 0.2 முறை, அதாவது ஐந்து நொடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போய்வரும் ஆட்டம்தான் மனித வயிற்றை அதிகம் கலக்குவது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். கப்பல்கள் ஏறி இறங்கும் வேகம் பெரும்பாலும் இதை ஒட்டியே அமைவது உங்கள் அதிர்ஷ்டம்.

காதுதான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியிலிருந்து பதினோரு ஆண்களைச் சோதனைகளுக்கு அழைத்தது. ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் சிறு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனோடு உள்காதின் சமநிலை உணர்வையும் இழந்தவர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். குறிப்பெடுக்க வந்த ஆய்வாளர்கள் எழுந்து நிற்க முடியாமல் போனதால் அந்தச் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே கண்ணும் காதும் சமாதானம் ஆகாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் கடமை. மேல்தளத்தின் திறந்த வெளிக்குப் போய், காற்று வாங்கி, தொடுவானத்தின் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் கப்பல் ஆடுவது கண்ணுக்கும் தெரிந்துவிடும், சண்டை தணிந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பால்கனியிலும் இதே ஆபத்து இருக்கிறது. திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். மெத்தையில் சாய்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஐந்து நிமிடம் முன்பு எடுத்த கடல் வீடியோவுக்குப் பாட்டு ஒட்டி ரீல்ஸ் செய்யுங்கள். எழுத்து சின்னதாக இருப்பது நல்லது. 'வைஃபை' தனிக் கட்டணம் என்பதை நினைவில் வைத்து, வாங்குங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அனேகமாக வருவதில்லை. ஆகவே நீங்கள் குளியலறைத் தரையில் கிடக்கும்போது பிள்ளை முழுத் தெம்போடு உங்கள் முதுகில் ஏறி விளையாடும். அதற்குக் கட்டணம் இல்லை.

படி 6: ஆலோசகர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்

குடும்பத்தோடு கப்பலேறுவதன் பெரும்பயன், ஒருவர் படுத்தவுடன் மற்ற எல்லாரும் வைத்தியர் ஆவது. மூவரைக் கட்டாயம் சந்திப்பீர்கள்.

முதலாமவர் எலுமிச்சம்பழ அத்தை. ஏற்காடு பேருந்துக்கு வாங்கிய அதே நம்பிக்கையோடு பழத்தை உள்ளங்கையில் திணித்து, "மோந்துகிட்டே இரு கண்ணு" என்பார். பையில் நாரத்தங்காய் ஊறுகாயும் இஞ்சி மரப்பாவும் வைத்திருப்பார். இவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இஞ்சியில் விஷயம் இருக்கலாம். டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களிடம் நடத்தி 1988-ல் வெளியான ஆய்வில், இஞ்சித் தூள் சாப்பிட்டவர்கள் குறைவாகவே வாந்தி எடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் காகிதத்தில் சுற்றி விற்கும் பொருள், கப்பலின் கடையில் கிடைக்கும் எந்தப் பொருளைவிடவும் மலிவு. அதுவே அதை நிராகரிக்கப் போதுமான காரணம்.

இரண்டாமவர் மணிக்கட்டுப் பட்டை வாங்கித் தருபவர். மணிக்கட்டுக்கு மூன்று விரல் கீழே, நடுவில், ஒரு குமிழ் அழுத்தும்படி கட்டுவார். சீன வைத்தியத்தில் அந்தப் புள்ளிக்குப் பெயர் உண்டு. ஆய்வு முடிவுகள் அங்கும் இங்குமாக இருக்கின்றன. கைக்கு அழகாக இருக்கும். விலையும் இருக்கும். வாங்குங்கள்.

மூன்றாமவர் மாமா. அவருக்கு எதுவும் ஆகாது. ஆகியிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

"மாப்ள, எல்லாம் மனசுதான். நாம பாட்டுக்கு தைரியமா இருந்தா கடல் என்ன செய்யும்?"

"இல்ல மாமா, தலை சுத்துது..."

"அதான் சொல்றேன், தலையை நினைக்காதீங்க."

இவருக்குப் பதில் சொல்லச் சில பெயர்கள் கைவசம் இருக்கட்டும். ஹொரேஷியோ நெல்சன் பன்னிரண்டு வயதில் கடற்படைக்கு வந்தவர். டிரஃபால்கரில் குண்டு பாய்ந்து சாகும் வரை, பலத்த காற்று அடித்தால் அவருக்குக் குமட்டும்; கடிதங்களில் தாமே எழுதியிருக்கிறார். நெல்சனுக்கு தைரியம் போதவில்லை என்று மாமா சொன்னால், ஜேக் கார்னைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்க செனட்டர், முன்னாள் கடற்படை விமானி, நாசாவின் பட்ஜெட்டைப் பார்க்கும் துணைக்குழுவின் தலைவர். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் இடம்பிடித்துப் போனார். மேலே போனதும் படுத்தவர் படுத்தவர்தான். அதன்பிறகு விண்வெளிக் குமட்டலின் உச்ச அளவை நாசாக்காரர்கள் விளையாட்டாக 'ஒரு கார்ன்' என்று குறிப்பிடலானார்கள். பட்ஜெட்டே கையில் இருந்தும் உள்காதுக்குச் சிபாரிசு செய்ய முடியவில்லை.

படி 7: எடுக்கும்போது நாகரிகம்

மாடிப்படிக் கைப்பிடிகளிலும் லிஃப்ட் வாசலிலும் காகிதப் பைகள் திடீரென்று செருகப்பட்டிருந்தால், அறிவிப்பு எதுவும் இல்லாமலே கேப்டன் உங்களுக்கு வானிலை சொல்லிவிட்டார் என்று பொருள். ஊழியர்கள் புன்னகை மாறாமல்தான் செருகுவார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு எடுத்துக்கொள்வது அனுபவம்.

பால்கனியிலிருந்து கடலுக்கு நேரடியாகச் செலுத்த நினைப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காற்று எதிரே அடிக்கும் பக்கத்தில் நின்றால் அனுப்பியது உங்கள் சட்டைக்கே திரும்பி வரும். காற்றடிக்காத பக்கம் என்றால் உங்களுக்குக் கீழே இன்னொரு பால்கனி, அதில் இன்னொரு குடும்பம், அவர்கள் கையில் மாலைக் காப்பி. உயரத்தில் அறை பிடித்ததன் பலனை அவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

இறக்கிவிடச் சொல்லிக் கேட்பது பலன் தராது. ரோமாபுரித் தத்துவஞானி செனெக்கா, எதையும் கலங்காமல் தாங்க வேண்டும் என்று ஊருக்கு எடுத்துச் சொன்னவர், ஒருமுறை நேப்பிள்ஸிலிருந்து பக்கத்துத் துறைக்குப் படகில் கிளம்பினார். பாதி வழியில் அலை எழும்பியது. வாந்தி வரமாட்டேன் என்று அடைத்துக்கொண்டது. கரைக்கு விடச் சொல்லிப் படகோட்டியை நச்சரித்து, கரை நெருங்கியதும் நிற்கும்வரை பொறுக்காமல் கடலில் குதித்துவிட்டார். பாறைகளில் தவழ்ந்து கரையேறிய கதையைத் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லிச் சிரிக்கிறார். நம் கப்பலின் பத்தாவது மாடியிலிருந்து அதைச் செய்ய இயலாது, அபராதமும் உண்டு.

படி 8: சரியான நாளில் இறங்குங்கள்

மனித மூளை ஆட்டத்தைப் பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் காது சொல்வதும் கண் சொல்வதும் இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு வயிற்றை விட்டுவிடும். ரஜூலா கப்பலில் சென்னையிலும் நாகையிலும் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் முன்னோர் இதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள். 1926 முதல் 1973 வரை இந்த வழியில் ஓடிய அந்தக் கப்பலில் அவர்களில் பெரும்பாலோர் அறையில்லாத 'டெக்' பயணிகள். பாயும் போர்வையும் பெட்டியும்தான் அவர்களது அறை. முதலிரண்டு நாள் படுத்தவர் பிறகு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டு, ஊர்க்கதை பேச, இன்னும் நாட்கள் மீதமிருந்தன.

நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதிருக்க, மூன்று இரவு பேக்கேஜ் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு கடலோடு ராசியாகும் அன்று காலை கப்பல் சென்னைத் துறைமுகத்தில் கட்டப்படும். பழகிய மூளையோடு நீங்கள் இறங்குவதால் இப்போது தரை ஆடும். சுங்கப் பரிசோதனை வரிசையில் நிற்கும்போது ஆடும், ராஜாஜி சாலையில் ஆட்டோவுக்குக் கை காட்டும்போது ஆடும், வீட்டுக் குளியலறையில் கண்மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது நன்றாகவே ஆடும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். கட்டணமில்லாமல் கிடைத்த கூடுதல் பயணம் இது ஒன்றுதான் என்பதால் இதை மட்டும் அனுபவியுங்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால், "சூப்பரா இருந்துது, ஒண்ணுமே தெரியல" என்று சொல்லுங்கள். மைத்துனர் குடும்பமும் மேல்மாடி முன்பக்க அறை எடுக்க வேண்டுமல்லவா?

எச்சரிக்கை

இவ்வளவு சொல்லியும் சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். கீழ்த்தளத்தில் நடுவே உள்ள மலிவான அறையை எடுப்பார்கள். பிப்ரவரியில் கிளம்புவார்கள். டாக்டரைக் கேட்டு முன்னதாகவே மாத்திரை போட்டு, மீதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். அரை வயிறு சாப்பிட்டு, மதுவை விட்டு, இஞ்சி மரப்பாவைக் கன்னத்தில் ஒதுக்கி, திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு நம் செலவில் பாதிகூட ஆகாது. பயணம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே போய், பார்த்துக்கொண்டே வந்து, வாந்தியே எடுக்காமல் வீடு திரும்பிவிடவும் கூடும். அப்படி நேர்ந்தால் இந்த வழிகாட்டி எந்தப் பொறுப்பும் ஏற்காது. கட்டிய பணமும் திரும்பக் கிடைக்காது.